கரித்தண்ணிக்குக் காவல் இருந்தவர்

வீரண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. இருந்தாலும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. நடந்தது முழுக்கத் தெரிந்த ஆள் இந்த யார்டில் இப்போது நான் ஒருத்திதான். படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். நானே தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் விஜயகுமாரி. வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகும் வழியில் ஒரு நிலக்கரி யார்டு இருக்கிறது. அங்கே எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாரிக்கு எடை போட்டு பில் அடிப்பது என் வேலை. கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கும் கரி, லாரியில் இங்கே வந்து மலை மலையாகக் குவியும். இங்கிருந்து திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பாய்லருக்குப் போகும். கடையில் தொங்கும் பளிச்சென்ற பனியனுக்குப் பின்னால் இவ்வளவு கருப்பு எரிகிறது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. என் துப்பட்டாவை வந்து பார்த்தால் தெரியும்.

கரி யார்டுக்கு வெயில் காலத்தில் தொல்லை தூசி. மழைக் காலத்தில் தொல்லை கரித்தண்ணி. குவியல் மேல் விழுகிற மழை பொடியைக் கரைத்துக்கொண்டு மை மாதிரி ஓடும். சும்மா விட்டால் பக்கத்துக் காட்டில் போய்ப் படியும். படிந்தது காய்ந்தால் மண்ணின் மேல் ஓடு மாதிரி பிடித்துக்கொள்ளும், கீழே போட்ட விதை மேலே வராது. கிணற்றில் இறங்கினால் அதைவிடப் பெரும்பாடு. அந்தத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, தெளியவைத்து, அப்புறம் வெளியே விடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். பத்து வருடமாக எங்கள் யார்டில் அந்த ஆள் வீரண்ணன்.

அவர் கமுதிப் பக்கத்துக்காரர். இருபத்து மூன்று வயதில் திருப்பூருக்கு பஸ் ஏறி வந்து, சாயப்பட்டறையில் சேர்ந்து, இருபது வருடம் கொதிக்கிற சாயத் தண்ணீரில் துணி புரட்டியிருக்கிறார். ஆற்றைக் கெடுக்கிறது என்று கோர்ட் சொல்லிச் சாயப்பட்டறைகளை எல்லாம் இழுத்து மூடின வருடம் அவரும் நடுத்தெருவுக்கு வந்தார். பட்டறைகள் மறுபடி திறந்தபோது அவர் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "ஆத்துல சாயத்தைத் தொறந்துவிட்ட கை தாயி இது. மொதலாளி சொன்னாரு, நான் தொறந்தேன். ஒருநா செவப்பு, ஒருநா பச்சை. அந்தப் பாவத்தை எங்க போயிக் கழுவுறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டேன். எனக்கு அப்போதெல்லாம் எதையும் காதில் முழுசாக வாங்கிப் பழக்கமில்லை.

யார்டு தெற்குப் பக்கம் சரிந்த பூமி. குவியல்களைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். அது தெற்கு மூலையில் முதல் தொட்டியில் விழும். அங்கே கரிப்பொடி அடியில் படியும். மேலே நிற்கிற தண்ணீர் வழிந்து இரண்டாம் தொட்டிக்குப் போகும். இரண்டாம் தொட்டியின் வாயில் ஒரு மரப்பலகை. அதைத் தூக்கினால்தான் தண்ணீர் யார்டை விட்டு வெளியேறும். ரோட்டுப் பக்கமிருந்து வரும் நல்ல மழைத் தண்ணீர் உள்ளே கலக்காமல் இருக்க வடக்கே ஒரு கரை போட்டுத் திருப்பியிருந்தார். "நல்ல தண்ணிய எதுக்குக் கெட்ட சகவாசத்துல விடணும்?" என்பார். தொட்டியில் அள்ளிய கரிச்சேற்றைக் கரை மேல் போட்டு வைக்கும் சோம்பேறித்தனம் அவரிடம் கிடையாது. அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதானே வரும்? மேட்டுக்குக் கூடையில் சுமந்து போய்க் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடுவார். ஐம்பத்தாறு வயதில்.

இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யார்டு ஆரம்பித்தபோது கட்டிய தொட்டிகள் பேருக்கு இருந்தன. மேனேஜர் லிங்கசாமிக்கு அதிகாரிகள் வரும்போது காட்ட ஒரு தொட்டி இருந்தால் போதும். வீரண்ணன்தான் அதை வேலை செய்யவைத்தார்.

அதற்குக் காரணம் தங்கவேலு மாமா. எனக்குச் சொந்தம் இல்லை, கூப்பிடுகிற வழக்கம்தான். யார்டின் தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தோட்டம். முன்னூறு முருங்கை, நாலு மாடு, எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. கிணறு என்றால் பழைய காலத்துத் தரைமட்டக் கிணறு. சுற்றுச்சுவர் இல்லை. வேலியிலிருந்து எண்ணி நாற்பது தப்படி.

யார்டு வந்த முதல் மழைக்கே கரித்தண்ணி வேலி தாண்டி அவர் காட்டில் பாய்ந்தது. நல்லவேளை, கிணற்றுக்குப் போகவில்லை. மனிதர் வந்தார் பாருங்கள், கையில் மண்வெட்டியோடு. லிங்கசாமி ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீரண்ணன் சேர்ந்து ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்தான் எதிரே போய் நின்றார்.

"அண்ணாச்சி, இந்த ஒருதடவை பொறுங்க. இனிமே உங்க காட்டுக்கு ஒரு சொட்டு கருப்பு வராது. வந்தா என்னை வந்து கேளுங்க."

"அண்ணாச்சியா? நானென்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்?" என்றார் மாமா. கோபத்தில்தான் கேட்டார். ஆனால் கேட்டதில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து வீரண்ணன் ஒரு வழக்கம் வைத்தார். மழை விட்டு, இரண்டாம் தொட்டி தெளிந்துவிட்டது என்று தோன்றினால், ஒரு வெள்ளை பனியன் துண்டை எடுத்து ஒரு சொம்பு தண்ணீரை அதில் வடிகட்டுவார். துண்டை வேலியில் காயப்போடுவார். காய்ந்த துண்டில் கருப்பு இருந்தால் பலகை திறக்க மாட்டார். லிங்கசாமி கத்துவார், தொட்டி நிரம்பி வழிகிறது என்பார். "தொண்டையைப் புண்ணாக்காதீக சார், அது தெளியுறப்பத்தான் தெளியும்" என்று இவர் போய்விடுவார். தங்கவேலு மாமா அந்தப் பக்கம் நின்று துண்டைப் பார்ப்பார். முதல் வருடம் சந்தேகமாகப் பார்த்தார். ரெண்டாம் வருடம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மூன்றாம் வருடம் பார்க்கவே வரவில்லை. வீரண்ணனுக்கு அதில் வருத்தம். "வந்து பாருங்க அண்ணாச்சி" என்று வேலி ஓரம் நின்று கூப்பிடுவார். "உன்ர துண்டைப் பாத்துத்தான் எனக்குப் பொழுது விடியோணுமாக்கும்" என்று மாமா அங்கிருந்தே சொல்லுவார்.

இப்படி வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசியே ரெண்டு பேரும் ஒன்றாகிப் போனார்கள். மாமாவின் பிள்ளைகள் ரெண்டும் வெளிநாட்டில். வீரண்ணனுக்குப் பிள்ளை இல்லை. முருங்கைக் காய் பறிப்பு நாளில் வீரண்ணனும் அவர் சம்சாரம் ராமாயியக்காவும் போய்க் கட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். மூலனூர் சந்தைக்கு மாமாவின் டெம்போவில் வீரண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பிழைக்க வந்த ஆளை ஒரு தோட்டக்காரர் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போவதென்றால் சும்மா இல்லை.

ரெண்டு வருடம் முந்தி மாமா ஒருநாள் சொன்னாராம்: "ஏன் வீரா, முப்பது வருசமா லைன் ஊட்டுலயே கெடக்கறயே. கெணத்துக்கு மேக்கால மூணு சென்ட்டு சும்மாதான் கெடக்குது. ஒரு ஊட்டைக் கட்டிக்க. வர்ற தையில எழுதித் தர்றேன்."

எழுதித் தருவது ஒரு தை தள்ளிப் போனது, பட்டா மாற்றுவதில் ஏதோ இழுபறி. அடுத்த தைக்கு எல்லாம் தயார். ராமாயியக்கா சுண்ணாம்புப் பொடி வாங்கி வந்து, அந்த மூணு சென்ட்டில் சமையல்கட்டு இது, படுக்கிற அறை இது என்று தரையில் கோடு போட்டு வைத்திருந்தாள். மழை பெய்தால் கோடு அழியும். அவள் மறுபடி போடுவாள். பத்துக்குப் பத்து வாடகை அறையில் முப்பது வருடம் இருந்தவளுக்கு அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்ப்பதே ஒரு சுகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போய்க் காட்டினாள். "இங்கன அடுப்பு, இங்கன சன்னல். சன்னல்ல பாத்தா அவுக தொட்டி தெரியும்" என்றாள்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

வாய்க்காலில் பத்தடிக்கு ஒரு மூட்டை குறுக்கே போடுவார் வீரண்ணன். ஓடி வருகிற தண்ணீரை மூட்டை மூட்டையாகத் தடுத்து, வேகத்தைக் குறைத்து, பொடியை வழியிலேயே படியவைக்கிற வேலை. மற்ற ஊரில் மணல் மூட்டை போடுவார்களாம். எங்கள் ஊரில் மணலுக்கு எங்கே போவது? பனியன் வெட்டும்போது விழுகிற கழிவுத் துணி மலையாகக் கிடக்கிறது. சாக்கில் அதைத் திணித்துப் போட்டால், காட்டன் துணி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல்லு மாதிரி கனத்துவிடும். இடத்தை விட்டு அசையாது. தண்ணீரும் அதற்குள் புகுந்து கசிந்துதான் போகும்.

என் தம்பி தமிழ்செல்வனுக்கு முதலிபாளையத்தில் சின்ன கட்டிங் யூனிட் இருக்கிறது. ஒவ்வொரு புரட்டாசியிலும் வீரண்ணன் அங்கே போய், ஒவ்வொரு மூட்டையாகக் கைவிட்டு ஒரு துண்டை உருவி, சொம்புத் தண்ணீரில் முக்கிப் பார்த்து எடுத்து வருவார். தண்ணீர் குடிக்கிற துணியா என்று பார்ப்பது. என் தம்பி கேலி பண்ணுவான்: "பொண்ணு பாக்கக்கூட ஒருத்தன் இத்தனை நேரம் எடுத்துக்க மாட்டானுங்க."

போன புரட்டாசியில் ராமாயியக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். வீரண்ணன் ஆஸ்பத்திரிக்கும் யார்டுக்கும் நாயாக அலைந்தார். "நான் தம்பிகிட்ட சொல்லி அனுப்பச் சொல்றனுங்ணா, நீங்க அலையாதீங்க" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன், அதை மட்டும் நம்புங்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, காட்டன் கழிவுக்கு மில்லுக்காரன் வரிசையில நிக்கறான். இப்ப நமக்கு ஓடறது பூரா டிரைஃபிட்டு, விளையாட்டு டீ-சர்ட்டு. அந்த வேஸ்ட்டு இருபது மூட்டை இருக்குது, அனுப்பட்டுமா?" என்றான். டிரைஃபிட் என்றால் பாலியெஸ்டர். வேர்வையை ஒட்டவிடாத துணி, தண்ணீரையும் குடிக்காது. திருப்பூர்க்காரி எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எடைமேடையில் ஆறு லாரி நின்றது, ஒரு டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்திருந்தான். "எதாச்சும் அனுப்பி விடுடா, துணிதானே" என்று வைத்துவிட்டேன்.

மூட்டைகள் வாய் தைத்து வந்து இறங்கின. வீரண்ணன் என்னிடம் வந்து, "காட்டன்தானே தாயி?" என்று கேட்டார்.

"அதே யூனிட்டு, அதே மூட்டைதானுங்ணா."

நான் பொய் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். காட்டனா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லவில்லையே என்று. அவர் அதற்கு மேல் பிரித்துப் பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும் அவருக்கு. அன்றைக்கு மத்தியானமே தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது, அவசரமாகப் போட்டு முடித்தார்.

சின்ன மழைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி பதினாலாம் தேதி, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு மழை பிடித்தது. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. வருடம் முழுக்கப் பெய்கிறதில் பாதியை ரெண்டு மணி நேரத்தில் கொட்டியது. என் அறை ஜன்னலில் எதுவும் தெரியவில்லை. கரி மலையிலிருந்து அருவி இறங்கியது. ஷட்டர் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்த நான், வீரண்ணன் கத்துகிற சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். பத்து வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை.

மூட்டைகள் மிதந்து வந்துகொண்டிருந்தன.

ஒன்றன்பின் ஒன்றாக, வாய்க்காலில், பந்து மாதிரி உருண்டு வந்தன. தடுக்க ஒன்றும் இல்லாததால் தண்ணீர் முழு வேகத்தில் முதல் தொட்டியில் விழுந்து, அடியில் படிந்து கிடந்ததையும் கலக்கிக்கொண்டு இரண்டாம் தொட்டிக்குப் பாய்ந்தது. மூட்டைகள் ரெண்டு தொட்டிக்கும் நடுவில் இருந்த மதகில் போய் அடைத்துக்கொண்டன. தண்ணீருக்குப் போக வழி இல்லை. தொட்டியின் தெற்குக் கரை மேல் ஏறியது. வீரண்ணன் கழுத்தளவு கரித்தண்ணியில் இறங்கி மூட்டைகளை இழுத்தார். இழுத்து எறிந்தால் இன்னொன்று வந்து அடைத்தது. அவர் சட்டைப்பையில் இருந்த போன் தண்ணீரில் போனது, அவருக்குத் தெரியவில்லை. லிங்கசாமியும் நானும் மேலே நின்று கையைப் பிசைந்தோம். கரை நடுவில் ஒரு முழம் உள்வாங்கியது. அப்புறம் பத்தடிக்கு அப்படியே பெயர்ந்து போனது.

கரித்தண்ணி வேலியைச் சாய்த்துக்கொண்டு போய், நாற்பது தப்படியும் தாண்டி, தங்கவேலு மாமாவின் கிணற்றில் விழுந்தது. விழுந்த சத்தம் இங்கே கேட்டது. நிற்காமல் அரைமணி நேரம் கேட்டது.

மழை விட்டதும் வீரண்ணன் அப்படியே, தலையிலிருந்து கால்வரை கருப்பாக, வேலி தாண்டிப் போனார். மாமா கிணற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, தார் மாதிரி மினுமினுத்தது. ராமாயியக்காவின் மூணு சென்ட்டின் மேல் ஒரு சாண் கரிச்சேறு.

"அண்ணாச்சி" என்றார் வீரண்ணன்.

மாமா திரும்பவில்லை. "இனிமேல்ப்பட்டு என்ர காட்டுக்குள்ள காலை வெக்காதே" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. வீரண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது தன் காலடி பட்ட இடத்தில் சேறு அதிகமாகிவிடக் கூடாது என்பதுபோல ஓரமாக நடந்து வந்தார்.

மறுநாள் காலையில் அவர் ஒரு மூட்டையைக் கத்தியால் கிழித்தார். வழவழவென்று வெள்ளைத் துண்டுகள் கொட்டின. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் எடைமேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இப்போது வருவார், இப்போது கேட்பார் என்று நினைத்தேன். அவர் துண்டைச் சாக்கில் திரும்பப் போட்டுக் கட்டினார். லிங்கசாமி வந்து கேட்டபோது, "நாந்தான் சார் மூட்டையைப் பிரிச்சுப் பாக்காம போட்டுட்டேன். என் தப்பு" என்றார். என் பெயரையே எடுக்கவில்லை.

நானாவது அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. புருசன் இல்லாதவள், ஒரு பெண்ணைக் காலேஜில் படிக்கவைக்கிறவள், இந்த வேலையும் போனால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். காரணம் எப்போதும் கையோடு இருக்கும், தேட வேண்டியதே இல்லை.

கம்பெனி ஆள் வைத்துக் கிணற்றை இறைத்துத் தூர் வாரியது. வீரண்ணன் நானும் இறங்குகிறேன் என்று கெஞ்சினார். "அந்தாளு உன்னைய உள்ள விடமாட்டாருய்யா, கொஞ்ச நாளைக்கு அவர் கண்ணுல படாம இரு" என்று லிங்கசாமி அவரை முதலிபாளையத்தில் இருக்கும் எங்கள் இன்னொரு குடோனுக்கு மூட்டை தூக்க அனுப்பிவிட்டார். புருசனும் பெண்டாட்டியும் வெள்ளகோவில் அறையைக் காலி பண்ணிக்கொண்டு அங்கே போனார்கள். போன் போனது போனதுதான், அவர் வேறு வாங்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தங்கவேலு மாமா எடைமேடைக்கு வந்தார். உள்ளே வந்து உட்காராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"அம்மிணி, வீரனுக்குப் போன் போட்டா போக மாட்டேங்குது. லைன் ஊட்டுக்குப் போனேன், பூட்டிக் கெடக்குது. நீ பாத்தீன்னா ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு. கோவத்துல ஒரு வார்த்தை பேசிப்போட்டேன். அந்த எடத்துல சேத்தையெல்லாம் வழிச்சு வெச்சிருக்கறேன். தையில எழுதறது எழுதறதுதான்னு சொல்லு."

"சொல்றனுங் மாமா" என்றேன்.

சனிக்கிழமை வீரண்ணன் வாரச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வந்தார். நான் சொல்லவில்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் எப்படி மூட்டை வந்தது, யார் அனுப்பியது என்று பேச்சு வரும். வீரண்ணன் யாரிடமும் சொல்லாததை அண்ணாச்சியிடம் சொல்லாமல் இருப்பாரா? மாமாவுக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம், விசயம் கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். மாமா மறுபடி ஒருதரம் வந்து கேட்டுவிட்டுப் போனார். அவருக்கும் "சொல்றனுங்" என்றேன்.

கார்த்திகைக் கடைசியில் வீரண்ணன் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போக வந்தார். கமுதிப் பக்கம் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு எரித்துக் கரி எடுக்கிறார்கள், அந்த வேலைக்கு. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். தெற்கு வேலிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வேலியைத் தொட்டாரே தவிரத் தாண்டவில்லை. திரும்பி வந்து என் ஜன்னலில் நின்றார்.

"அண்ணாச்சி என்னையக் கேட்டாரா தாயி?"

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? பள்ளிக்கூடத்தில் பாஸா பெயிலா என்று கேட்கிற பிள்ளை மாதிரி நின்றார். ஒரே ஒரு சொல், 'கேட்டாரு' என்று சொல்லியிருந்தால் போதும்.

"இல்லீங்ணா" என்றேன்.

"சரி தாயி" என்றார். "அவரும் என்ன செய்வாரு, கெணறுல்ல" என்றார். பிறகு, "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாத" என்று சொல்லிவிட்டுப் போனார். எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த லாரிக்கு எடை போட்டேன். அப்போதுகூடப் பின்னாலேயே ஓடியிருக்கலாம், பஸ் வர இருபது நிமிடம் இருந்தது.

தை பதினெட்டாம் தேதி காலையில் ராமாயியக்கா போன் பண்ணினாள். "தாயி, அவுக போயிட்டாக" என்றாள். மூட்டத்துக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

மாமாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். முருங்கைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நாஞ் சொன்னதச் சொன்னியல்லோ அம்மிணி?" என்றார்.

"சொன்னனுங் மாமா."

"அப்பறமும் வரலை பாரு. அத்தனை கோவம் அவனுக்கு எம்மேல" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அறுபத்தாறு வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். மாமா அன்றைக்கே பஸ் ஏறிக் கமுதிக்குப் போய்விட்டார். போவார் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எடைமேடைக்கு வந்தார். எப்போதும்போல ஜன்னலுக்கு வெளியில் நிற்காமல் உள்ளே வந்து எதிர்ச் சேரில் உட்கார்ந்தார்.

"நாங் கூப்புட்டதே அவனுக்குத் தெரியாதாமா. அண்ணாச்சி ஒரு வார்த்தை கேக்கலியேன்னு சொல்லிச் சொல்லியே கெடந்தானாமா. ராமாயி சொல்லுது. ஏன் கண்ணு சொல்லலை?"

எல்லாவற்றையும் கொட்டினேன். தம்பி அனுப்பிய மூட்டை, டிரைஃபிட், அவர் கேட்டது, நான் சொன்னது. நீங்கள் ரெண்டு பேரும் பேசினால் மூட்டை விசயம் வெளியே வந்துவிடும், என் வேலை போய்விடும் என்று பயந்தது வரைக்கும். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டையா?" என்றார். "அது எனக்கு அப்பவே தெரியுமே அம்மிணி. ரெண்டு மூட்டை என்ர வேலிக் கம்பில மாட்டிக் கெடந்துச்சு. உன்ர தம்பி யூனிட்டுச் சீட்டு அதுலயே இருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன், பூரா பாலியெஸ்டரு. இது வீரன் பாத்து எடுத்த மூட்டை இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அவன் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுதான அவனைய வரச் சொன்னேன்."

நான் எதை மறைக்க வீரண்ணனை ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போகவிட்டேனோ, அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மனிதர் அவரைக் கூப்பிட வந்திருக்கிறார். என் ஜன்னலுக்கே வந்து, என்னிடமே சொல்லி, ரெண்டு தடவை.

"என்னையக் கேக்கவே இல்லீங்களே மாமா" என்றேன்.

"உன்னைய என்னத்தக் கேக்கறது? தெரியாம அனுப்பியிருப்பே, பொம்பளப் புள்ள, போகுதுன்னு உட்டுட்டேன்." எழுந்தார். கதவருகே போய் நின்றார். "இதுக்காகவா கண்ணு?" என்றார்.

மூணு சென்ட்டை எழுதித் தருகிறேன், வந்து இரு என்று ராமாயியக்காவிடம் சொன்னாராம். அவர் இல்லாமல் அந்த ஊரில் எனக்கு என்ன என்று சொல்லிவிட்டாளாம். அதையும் சொன்னார். கிணறு எப்படியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம், முதலாளியிடம் சொல்லி வேலையை விட்டுத் துரத்தியிருக்கலாம், அதற்குத்தான் நான் காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அம்மிணி" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனார்.